பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால்

என் அம்மா ஓர் ஆளைப் பார்த்ததும் எடை சொல்லிவிடுவாள். இரண்டு கிலோ முன்பின் இருக்கலாம், அதுவும் அவர் கனமான கோட்டு போட்டிருந்தால். கல்யாணத்துக்கு முன்பு பழைய இரும்புக் கடையில் மூட்டை தூக்கிய காலத்தில் பழகிய கண் அது. கடைத் தராசில் கோளாறு வந்தால் முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். "முதலாளி, உங்க தராசு பொய் சொல்லுது"ன்னு எல்லார் முன்னாலும் சொல்லி, அதற்காகவே வேலையை விட்டு அனுப்பப்பட்டாள். பெயர் மட்டும் கூடவே வந்தது. இன்றைக்கும் அவளோடு வேலை செய்கிறவர்கள் கூப்பிடுவது 'தராசக்கா' என்றுதான்.

பத்தொன்பது வருடமாக அவள் வேலை செய்யும் இடம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே இரும்பு ரோலர் கோஸ்டர் ஒன்று இருக்கிறது. நுழைவாயில் பலகையில் அதற்கு நெருப்புக் கக்கும் பெயர் ஒன்று உண்டு. வேலைக்காரர்கள் வைத்த பெயர் 'போய்வா'. அது மற்ற ரோலர் கோஸ்டர்களைப் போலச் சுற்றி வராது. போன வழியே திரும்பி வரும். தண்டவாளத்தின் இரண்டு முனைகளிலும் பத்து மாடி உயரத்துக்கு ஒவ்வொரு கோபுரம், நடுவில் பிளாட்ஃபார்ம். ஆட்கள் ஏறியதும் ஒரு கேபிள் வண்டியைப் பின்பக்கமாக முதல் கோபுரத்தில் இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். வண்டியில் எஞ்சின் கிடையாது. விழுந்த வேகத்திலேயே பிளாட்ஃபார்மைக் கடந்து, பெரிய வளையத்தில் தலைகீழாகச் சுற்றி, இரண்டாவது கோபுரத்தில் பாதிக்கு மேல் ஏறும். அங்கே ஒரு சங்கிலி காத்திருக்கும். அது வண்டியைக் கவ்வி உச்சிக்கு இழுத்து மறுபடி விடும். ஆட்கள் பின்பக்கமாக அலறிக்கொண்டே புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்வார்கள்.

எல்லாம் அந்தச் சங்கிலியை எட்டுவதில் இருக்கிறது. எட்டாவிட்டால் வண்டி சறுக்கி இறங்கி, வளையத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் முன்னும் பின்னும் ஆடி ஆடி நின்றுவிடும்.

அம்மாவின் வேலை ஆட்களை உட்கார வைத்து, மடிமேல் வரும் கம்பியை அழுத்தி லாக் போட்டு, கட்டைவிரலைத் தூக்குவது. கண்ணாடி அறைக்குள் பொத்தானை அழுத்துகிறவர் அந்த விரலைப் பார்த்துத்தான் அழுத்துவார். அவருக்கும் பெயர் 'பட்டன்' என்றே ஆகிவிட்டது. இதில் எடைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். முதல் குளிர்காலத்திலேயே காலி வண்டி இரண்டு முறை பள்ளத்தில் நின்றது. அம்மாவும் அப்போதிருந்த ஃபோர்மேனும் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்தார்கள். காலையில் வாயில் திறக்கும் முன் இருபத்தெட்டு சீட்டிலும் மணல் மூட்டையைக் கட்டி நான்கு நடை விடுவது. சக்கரம் சூடு பிடிக்கும். பிறகு எப்போதும் பன்னிரண்டு பேருக்குக் குறைந்தால் வண்டி போகாது. குளிர் அதிகமென்றால் பதினான்கு. அந்தப் பன்னிரண்டு பேரும் ஒல்லியாக இருந்துவிட்டால் இன்னும் இரண்டு பேருக்காகக் காத்திருப்பாள். பட்டனுக்கு முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாள். அது மொத்த எடையின் கணக்கு.

யாரையும் அவள் ஒருநாளும் 'குண்டு' என்று சொன்னதில்லை. "சார், உங்களுக்கு நடு வண்டிதான், மாப்பிள்ளை சீட்டு" என்பாள். அவரும் மாப்பிள்ளை மாதிரியே போய் உட்காருவார். "தராசக்கா, நான் ஏறினா எங்க உக்கார வைப்ப?" என்று பட்டன் கேட்டால், "உன்னை ஏன்டா ஏத்தணும், ரெண்டு மூட்டை மணலுக்குப் பேச்சு கிடையாது, அதுவே மேல்" என்பாள்.

இந்த வழக்கம் எந்தத் தாளிலும் இல்லை. ஃபோர்மேன் ஓய்வு பெற்றுப் போனார். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். எழுதத் தெரிந்தவள் வீட்டில் நான் ஒருத்தி. பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள், பட்டம் வாங்கிய முதல் ஆள். இயற்பியல். நான் எழுதி வைத்திருக்கலாம். அம்மா சாப்பிடும்போதெல்லாம் அதைப் பற்றித்தான் பேசுவாள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இதையெல்லாம் இப்போது எழுதும்போது எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

போன வருடம் புது மேனேஜர் வந்தார். பெரிய கடைவளாகம் ஒன்றில் இருந்து வந்தவர். வந்த வாரமே முன்னுரிமை டிக்கெட் கொண்டுவந்தார். அதை வாங்கினால் வரிசை இல்லை, வந்ததும் ஏறலாம். வந்ததும் ஏறுகிறவர்களை அம்மா, "இன்னும் ஏழு பேர் வரட்டும்" என்று நிற்க வைத்தாள். புகார் மேலே போனது. மேனேஜர் மணல் மூட்டையையும் பன்னிரண்டு கணக்கையும் நிறுத்தச் சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மா என்னிடம் சொன்னாள், "நாளைக்கு என் கூட வா. நீ படிச்சவ. நான் சொன்னா கத்துறேன்னு சொல்வாரு, நீ சொன்னா கேப்பாரு."

போனேன். இஸ்திரி போட்ட சட்டை, கையில் சான்றிதழ் ஃபைல் வேறு. எதற்கு அந்த ஃபைலைத் தூக்கிப் போனேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அல்லது புரிகிறது, சொல்லக் கூசுகிறது. எடை விஷயத்துக்கு என் மதிப்பெண் பட்டியல் எதற்கு?

மேனேஜரின் அறையில் குளிர். மேசைமேல் போய்வாவின் சின்ன உருவம் ஒன்று, விரல் நீள வண்டியோடு. அம்மா நின்றாள். எனக்கு நாற்காலி காட்டினார். நான் உட்கார்ந்தேன். அம்மா நிற்கிறாள் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எழுந்திருக்கவும் இல்லை.

"உங்க பொண்ணா? ஃபிசிக்ஸா? ரொம்ப நல்லது" என்றார். பிறகு ஒரு பேனாவையும் அழிரப்பரையும் எடுத்து, ஒரே உயரத்தில் பிடித்து, இரண்டையும் விட்டார். ஒரே 'டப்'.

"ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சா? கனமா இருந்தா வேகமா விழும், லேசா இருந்தா மெதுவா விழும்னு எதாவது இருக்கா? நீங்களே சொல்லுங்க மேடம்."

என்னை அதுவரை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. டியூஷன் சென்டரில் பிள்ளைகள் 'மிஸ்' என்பார்கள். எங்கள் தெருவில் நான் 'தராசு பொண்ணு'. அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் எனக்கு நேர்ந்ததை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

"பொதுவா... எடைக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்லை சார்" என்றேன்.

"அவ்வளவுதான். கேட்டுக்கிட்டீங்களாம்மா? உங்க பொண்ணே சொல்றாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். ஆளைப் பார்த்து எடை சொல்லும் அதே பார்வை. திரும்பிப் போகும் வழியில் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "நிஜமாவா?"

"புத்தகத்துல அப்படித்தான்மா இருக்கு."

"சரி. புத்தகத்துல இருந்தா சரி."

அப்படிச் சொல்லிவிட்டுப் பிளாட்ஃபார்ம் பக்கம் நடந்தாள். அன்றே மணல் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கிடங்குக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது வருடத்தில் அவள் முதல்முறையாகத் தன் கண்ணை நம்பாமல் விட்டது என் பேச்சால்தான்.

வெயில் காலம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் என்னை இரண்டு தடவை வாயிலில் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

குளிர் தொடங்கிய முதல் வாரம் அது நடந்தது. பட்டன் பிறகு எனக்கு ஒன்று விடாமல் சொன்னார். காலை முதல் நடை. இரவெல்லாம் தூறல், சக்கரம் கல் மாதிரி இறுகியிருந்தது. முன்னுரிமை டிக்கெட்டில் ஐந்து பேர். ஐந்தும் கல்லூரிப் பெண்கள், எல்லாம் ஒல்லி. அம்மா லாக் போட்டாள். விரலைத் தூக்கவில்லை.

"அஞ்சு பேர்தான் இருக்காங்க. இது எட்டாது" என்று வாக்கி டாக்கியில் சொன்னாள்.

"எத்தனை தடவை சொல்றது? அனுப்பு" என்று மேனேஜரின் குரல் வந்தது.

"சார், தண்டவாளம் ஈரமா இருக்கு. பத்து நிமிஷம்..."

"உங்க பொண்ணு சொன்னது மறந்துபோச்சா? அனுப்பும்மா."

அதற்குப் பிறகு அம்மா கட்டைவிரலைத் தூக்கினாள்.

வண்டி வளையத்தை முடித்தது. கோபுரத்தில் ஏறியது. சங்கிலிக்கு ஒரு முழம் இருக்கும்போது தயங்கியது. பட்டன் சொன்னார், "தயங்குச்சும்மா, ஒரு நொடி, யோசிக்கிற மாதிரி. அப்புறம் சறுக்கிருச்சு." பள்ளத்தில் நின்ற வண்டியில் அந்த ஐந்து பெண்களும் இரண்டேகால் மணி நேரம் ஈரக் காற்றில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பராமரிப்பு ஏணியில் ஏறி அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், தன் ஸ்வெட்டரைக் கழற்றி ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு. யாருக்கும் அடியில்லை. கீழே நின்றவர்கள் எல்லாம் படம் எடுத்தார்கள்.

அந்த நேரத்தில் நான் டியூஷன் சென்டரில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் மேசைக்கடியில் போன் பார்த்தான். பிடுங்கினேன். திரையில், ஏணியில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்பது என் அம்மா.

மறுநாளே அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஆய்வாளர் வந்து விசாரிக்கப் போகிறார். அதற்கு முன் ஒரு கடிதம் வேண்டும். மேனேஜர் வாசகத்தை டைப் அடித்தே கொடுத்திருந்தார்: 'எனது கவனக் குறைவாலும் தொழில்நுட்ப அறிவின்மையாலும் வண்டியின் நிலையைச் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன்.' இதைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ஏதாவது ஒரு வேலையில், பார்க்கிங்கிலோ கழிவறைப் பக்கமோ, வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். "உங்க பொண்ணு நல்லா எழுதுவாங்களே, அவங்களையே எழுதச் சொல்லுங்க" என்றாராம்.

சாயங்காலம் சமையலறையில் இருவரும் உட்கார்ந்தோம். அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்தேன்.

"எழுதுடி. விரலைத் தூக்கினது நான்தானே."

"அவர் சொன்னதால தூக்கின."

"அவர் சொன்னா? அவர் ஆயிரம் சொல்வாரு. நீ சொன்னதால தூக்கினேன்." குரலில் சத்தம் இல்லை. "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. எடைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லேன்னா வண்டி ஏன் நின்னுச்சு?"

நான் சொன்னேன். "காத்து எதிர்த்துத் தள்ளும்மா. சக்கரத்துல உரசல் இருக்கும். வண்டி கனமா லேசான்னு காத்து பாக்காது, ஒரே மாதிரிதான் தள்ளும். கனமான வண்டி அதைத் தாங்கிட்டுப் போயிடும், லேசான வண்டி சோந்துடும். குளிர்ல சக்கரம் இறுகிட்டா இன்னும் மோசம். காத்தும் உரசலும் இல்லாத இடத்துலதான் புத்தகத்துல இருக்கறது சரியா வரும்."

"காத்து இல்லாத இடத்துல எவன்டி ரோலர் கோஸ்டர் ஓட்டுறான்?"



அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "இது உனக்கு எப்பத் தெரியும்? நேத்து படிச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுதான் தெரிந்தது என்றால் நம்பியிருப்பாள். என் படிப்பைப் பற்றி நான் என்ன சொன்னாலும் நம்புகிறவள் அவள்.

"அன்னைக்கே தெரியும்மா."

"அந்த ரூம்ல உக்காந்திருந்தப்பவே?"

"ஆமா."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இறுக்கி மூடினாள். நிற்காத சொட்டை இரண்டாவது தடவையும் இறுக்கினாள்.

"தெரியாம சொல்லியிருந்தா விட்டிருப்பேன். பொண்ணு படிச்சது பத்தலைன்னு நினைச்சிருப்பேன். தெரிஞ்சும் ஏன்டி வாயை மூடிக்கிட்ட?"

"அவர் என்னை மேடம்னு கூப்பிட்டாரும்மா."

அம்மா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் கேட்டதே இல்லை. அதற்குப் பதில் ஒரு அறை விட்டிருக்கலாம். "ஒரு மேடம். ஒரே ஒரு மேடம்! என் பத்தொம்பது வருஷத்தை அதுக்குக் குடுத்துட்டு வந்திருக்க. நான் இரும்புக் கடையில முதலாளி முகத்துக்கு நேரா உன் தராசு பொய் சொல்லுதுன்னு சொன்னவ. எனக்கு நீ பொறந்திருக்க."

தாளை என் முன்னாலிருந்து எடுத்தாள். கிழிக்கவில்லை. மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் செருகினாள்.

"நாளைக்கு விசாரணைக்கு வா. இப்ப எனக்குச் சொன்னதை அங்க சொல்லு. மேடம்னு கூப்பிட்டதையும் சேர்த்துச் சொல்லு. அதை விட்டுட்டுச் சொன்னே, வீட்டுப் படி ஏறாத."

ஆய்வாளர் கண்ணாடி போட்ட ஒரு பெண். எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்காதவர். பிளாட்ஃபார்மிலேயே விசாரணை. மேனேஜர் ஃபைலோடு நின்றார். "நான் சும்மா முடிவெடுக்கல. ஒரு இயற்பியல் பட்டதாரிகிட்ட கேட்டுத்தான் செஞ்சேன்" என்றார். அவர் என்னைக் கை காட்டியபோது எனக்குக் கொதித்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, உரசல், அழிரப்பர், பேனா, நாற்காலி. மேடம் என்ற இடம் வந்தபோது குரல் உடைந்தது. மேனேஜர் பல் தெரியச் சிரித்தார். பட்டன் தரையைப் பார்த்தார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்; ஒரு சொல்லாவது விட்டுவிடுகிறேனா என்று.

ஆய்வாளர் எழுதி முடித்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "எத்தனை பேருக்குக் குறைஞ்சா எட்டாதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"மூட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

கிடங்கிலிருந்து மணல் வந்தது. இருபத்தெட்டு சீட்டிலும் கட்டி விட்டார்கள். மேலே சங்கிலி கவ்வும் சத்தம், 'டக்'. நான்கு மூட்டை குறைத்து மறுபடி. இன்னும் நான்கு. ஒவ்வொரு தடவையும் அந்த 'டக்' ஒரு கண்ணிமைப்பு தாமதமாக வந்தது. எனக்கு அது கேட்கவே இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பட்டனின் திரையில் உயரம் எண்ணாகத் தெரியும். அவர் படித்துச் சொல்லும் முன்பே இவள் "இப்ப சங்கிலியைத் தாண்டி மூணு முழம் மிச்சம்", "இப்ப ரெண்டு" என்றாள். பன்னிரண்டு மூட்டையில் விட்டபோது, "அவ்வளவுதான். இதுக்கு மேல எடுத்தா உங்க பொறுப்பு" என்றாள். ஆய்வாளர் திரையைப் பார்த்தார். சோதனையை அங்கேயே நிறுத்தினார்.

அம்மாவை அதே வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். மேனேஜருக்கு எச்சரிக்கைக் கடிதம் என்று கேள்விப்பட்டேன். ஆள் இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார். பிளாட்ஃபார்மில் புதிதாக ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். 'பாதுகாப்புப் பிரிவின் புதிய ஆய்வின்படி பன்னிரண்டு பயணிகளுக்குக் குறைந்தால் இந்த ரைடு இயக்கப்படாது.' கீழே மேனேஜரின் கையெழுத்து. புதிய ஆய்வாம். அதைப் படித்த அன்று நான் வாயிலுக்கு வெளியே வந்து நின்று கெட்ட வார்த்தையில் திட்டினேன். நான் திட்டத் தகுந்த ஆளா என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. கேட்கட்டும் என்று இன்னும் இரண்டு வார்த்தை திட்டினேன்.

அம்மா பலகையைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாள், "எழுதிட்டாங்கல்ல, விடு." என்னோடு மட்டும் அவள் பேச்சு குறைந்துபோனது. சாப்பிட்டியா, கதவைச் சாத்து. அதற்கு மேல் இல்லை.

போன வாரம் ஒரு காலை அவள் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போனேன். குளிர்தான், ஆனால் பதினான்கு பேர் வேண்டிய அளவுக்கு இல்லை. வண்டியில் பதினோரு பேர் உட்கார்ந்து கைகளை ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சத்தம் போட்டார். "எவ்வளவு நேரம்மா? ஒரு ஆள்தானே குறையுது!"

"ஒரு ஆள் ஒரு ஆள்தான் சார்" என்றாள் அம்மா. அப்போதுதான் என்னைப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, ஒரே பார்வை. கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்ளவில்லை, பையில் வைத்தாள்.

"ஏறு."

பத்தொன்பது வருடத்தில் நான் அதில் ஏறியதே இல்லை. எனக்கு உயரம் ஆகாது. அது அவளுக்கும் தெரியும்.

ஏறினேன். அவள் முதுகுக்குப் பின்னால் விரல்களை மடக்கிப் பட்டனுக்குக் காட்டினாள். பிறகு என் மடிமேல் கம்பியை இறக்கி அழுத்தினாள். லாக்கின் பல் ஒவ்வொன்றாக மாட்டி மாட்டி இறங்கியது. எல்லோருக்கும் நிறுத்தும் இடத்தில் நிறுத்தவில்லை. இன்னும் ஒரு பல் அழுத்தினாள். மூச்சு முட்டியது.

அவள் நிமிர்ந்து, வண்டியை முன்னிருந்து பின்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கினாள்.